லிட்டர் கூட்டினா லாரி பறக்குமா? ரேஸ் டீசல் இன்ஜின் கணக்கு

பாட்காஸ்ட் பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் ரெண்டு தடவை வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.

வழக்கம்போல திண்டுக்கல்லிலிருந்து பேசுறேன். புதுசா கேக்குறவங்களுக்காகச் சொல்லிடுறேன்: படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது சாஃப்ட்வேர். அதனால இன்ஜினைப் பத்தி யாராவது கேள்வி கேட்டா எனக்கு ஆபீஸ் வேலை ஓடாது. இந்த வாரம் அப்படி ஒரு கேள்வி வந்துச்சு.

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சுருக்கமாச் சொல்றேன். "அண்ணே, அப்பா ஓட்டின 1613 லாரி சும்மா ஷெட்ல நிக்குது. கம்மின்ஸ் 5.9 இன்ஜின். அதை ரேஸ் வண்டியா மாத்தணும்னு ஆசை. ஒரு பட்டறையில கேட்டேன். போரைப் பெருசாக்கி 107 பிஸ்டன் போட்டா 5.9 இன்ஜின் 6.7 ஆயிடும், வண்டி பறக்கும்னு சொல்றாங்க. அட்வான்ஸ் கொடுத்துரவா?"

முதல்லயே பதில் சொல்லிடுறேன், எபிசோடு முடியுறதுக்குள்ள தம்பி பணத்தைக் கொடுத்துட்டா என்ன பண்றது. குடுக்காதீங்க தம்பி. ஏன்னு இனிமே பேசலாம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். நம்ம ஊர்ல "போர் போடணும்"னு சொன்னா பாதிப் பேர் தோட்டத்துல தண்ணி பாக்கப் போறாங்கன்னுதான் நினைப்பாங்க. இங்க நான் சொல்ற போர் சிலிண்டரோட விட்டம். பிஸ்டன் மேலயும் கீழயும் போய்வர்ற தூரம் ஸ்ட்ரோக். வட்டத்தோட பரப்பை ஸ்ட்ரோக்கால பெருக்கி, எத்தனை சிலிண்டரோ அத்தனையால பெருக்கினா அதுதான் இன்ஜினோட லிட்டர், இல்லேன்னா சிசி. பிளஸ் டூ கணக்கு கூட இல்ல, எட்டாங்கிளாஸ் உருளைக் கணக்குதான்.

இந்தக் கணக்கு நம்ம ரோட்டுல ஓடுற வண்டிகளோட பேர்லயே ஒளிஞ்சிருக்கு. டாடா 697 இன்ஜின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 6 சிலிண்டர், 97 மி.மீ. போர், அதான் 697. ஸ்ட்ரோக் 128. பெருக்கிப் பாத்தா 5675 சிசி வரும். அதுக்கு முந்தின 692-க்கு 92 மி.மீ. போர். பழைய லேலண்ட் இன்ஜின்ல வர்ற 370, 400 எல்லாம் கன அங்குலம், பிரிட்டிஷ்காரன் கணக்கு. 370-னா கிட்டத்தட்ட 6 லிட்டர், 400-னா ஆறரை. 1613-ங்கிறது மட்டும் இன்ஜின் சைஸ் இல்ல. 16 டன் மொத்த எடை, 130 ஹெச்பி. நம்ம தம்பி வண்டியோட கம்மின்ஸுக்கு 102 மி.மீ. போர், 120 ஸ்ட்ரோக்.

இப்ப பட்டறைக் கணக்குக்கு வருவோம். சாதாரணமா ரீபோர் பண்றப்ப 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. 102-ங்கிறது 102.5 ஆகும். இதால எவ்வளவு சிசி கூடும்? மொத்தமே 58. ஒரு சதவீதம். முழுசா ஒரு மி.மீ. போனாலும் ரெண்டு சதவீதம்தான். 130 ஹெச்பி வண்டியில ஒரு சதவீதம்னா ஒண்ணேகால் ஹெச்பி. வீட்டுல தண்ணி ஏத்துற மோட்டார் அளவு.

"ஆனா ரீபோர் பண்ணதும் வண்டி புதுசு மாதிரி இழுக்குதே"னு ஒவ்வொரு டிரைவரும் சொல்வாங்க. அவங்க சொல்றது நிஜம். வண்டி உண்மையிலேயே இழுக்கும். காரணம்தான் வேற. தேஞ்சு போன சிலிண்டர்ல ரிங்கைத் தாண்டி காத்து கீழ கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ரீபோர் பண்ணி புது ரிங் போட்டதும் கம்ப்ரஷன் திரும்ப வந்துருச்சு. தொலைச்சதைத்தான் திரும்ப எடுத்திருக்கோம். புதுசா எதுவும் சம்பாதிக்கல. இந்த அனுபவத்துலதான் "போர் கூட்டினா பவர் கூடும்"ங்கிற நம்பிக்கை ஊர் முழுக்க வேர் விட்டிருக்குன்னு நினைக்கிறேன்.

அப்ப லிட்டருக்கும் பவருக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. அதைப் புரிஞ்சுக்க டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பாக்கணும். பெட்ரோல் வண்டியில ஆக்சிலரேட்டர் காத்தைக் கட்டுப்படுத்தும். டீசல்ல அப்படி இல்ல. காத்து பாட்டுக்கு உள்ள வந்துக்கிட்டே இருக்கும், நாம மிதிக்கிறது டீசலோட அளவை. ஒரு கிலோ டீசல் எரிஞ்சு முடிய கிட்டத்தட்ட பதினாலரை கிலோ காத்து வேணும். நடைமுறையில அதுக்கும் மேலயே வேணும். காத்து பத்தலேன்னா டீசல் பாதி எரிஞ்சு கரும்புகையா சைலன்சர்ல வெளிய வந்துடும். புகை தள்ளுற வண்டியைப் பாத்து பவர்னு நினைக்கிறோம். அது எரியாம போன காசு.

ஆக, டீசல்ல பவருக்கு எல்லை காத்துதான். லிட்டர்ங்கிறது அந்தக் காத்துக்கான இடம். 5.9 லிட்டர் இன்ஜின் 2500 ஆர்பிஎம்ல ஓடுறப்ப, டர்போ இல்லேன்னு வச்சுக்கிட்டா, ஒரு நிமிஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் லிட்டர் காத்து இழுக்கும். மொட்டைமாடி ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இருக்குல்ல, அதுல ஏழு டேங்க். 12 லிட்டர் இன்ஜின் பதினஞ்சு டேங்க். டர்போ போட்டு காத்தை மூணு மடங்கு அமுக்கி உள்ள தள்ளினா அதே 12 லிட்டர் இன்ஜின் நாப்பத்தஞ்சு டேங்க் காத்தைச் சாப்பிடும்.

இங்கதான் விஷயம் சுவாரஸ்யமாகுது. காத்தைக் கூட்ட ரெண்டு வழி இருக்கு: பாத்திரத்தைப் பெருசாக்கலாம், இல்லேன்னா அதே பாத்திரத்துல அமுக்கி அடைக்கலாம். எந்த வழி எவ்வளவு குடுக்கும்? இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

2014 மார்ச் 23-ம் தேதி டெல்லி பக்கத்துல கிரேட்டர் நொய்டாவுல இருக்கிற புத் சர்வதேச சர்க்யூட்ல, அதாவது ஃபார்முலா ஒன் நடந்த அதே டிராக்ல, டாடா மோட்டார்ஸ் டி1 பிரைமா டிரக் ரேஸிங்னு ஒரு போட்டி நடத்தினாங்க. பன்னெண்டு பிரைமா லாரி. முதல் வருஷம் ஓட்டினது வெளிநாட்டு ரேஸர்கள். பின்னாடி நம்ம லாரி டிரைவர்களுக்கே பயிற்சி குடுத்து, 2016-ல அவங்களையும் டிராக்ல இறக்கினாங்க. அந்த ஐடியாவே எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா அது தனி எபிசோடு.

2014-ல அந்த லாரிக்குள்ள இருந்தது கம்மின்ஸ் 8.9 லிட்டர் இன்ஜின், சுமார் 370 ஹெச்பி. மூணு வருஷம் கழிச்சு, 2017 நாலாவது சீசன்ல, 1000 ஹெச்பி பிரைமா ரேஸ் லாரியை அறிமுகம் செஞ்சாங்க. அதுல கம்மின்ஸ் 12 லிட்டர் இன்ஜின், 3500 நியூட்டன் மீட்டர் டார்க். பேப்பர் எல்லாம் 1000 ஹெச்பின்னு கொட்டை எழுத்துல போட்டாங்க. நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

8.9-லிருந்து 12-க்குப் போனா லிட்டர் 1.35 மடங்கு கூடியிருக்கு. ஹெச்பி 370-லிருந்து 1000, அதாவது 2.7 மடங்கு. 2.7-ஐ 1.35-ஆல வகுத்துப் பாருங்க. சரியா ரெண்டு. லிட்டர் குடுத்தது 1.35 மடங்கு, மீதி ரெண்டு மடங்கு வேற எங்கயோ இருந்து வந்திருக்கு. டர்போ அழுத்தம், கூடுதல் டீசல், கூடுதல் ஆர்பிஎம். முன்னாடி ஒரு லிட்டருக்கு 42 ஹெச்பி எடுத்தாங்க, இப்ப 83 எடுக்குறாங்க.

இதைப் பாத்துட்டு, "அப்ப பழைய 8.9-லயே டர்போவை ஏத்தி 1000 எடுத்திருக்கலாமே, எதுக்கு 12 லிட்டர்?"னு கேக்கத் தோணும். நல்ல கேள்வி. அப்படிச் செஞ்சா ஒரு லிட்டருக்கு 112 ஹெச்பி எடுக்கணும். எடுக்க முடியாதுன்னு இல்ல. எவ்வளவு நேரத்துக்கு எடுக்க முடியும்ங்கிறதுதான் கேள்வி. ஒவ்வொரு வெடிப்புலயும் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், கனெக்டிங் ராடு, பேரிங் தாங்குற அழுத்தமும் சூடும் லிட்டருக்கு எவ்வளவு புடுங்குறோம்ங்கிறதைப் பொறுத்தது. பாத்திரம் பெருசானா அதே பவருக்கு ஒவ்வொரு சிலிண்டரும் கொஞ்சம் மூச்சு விடும். ரேஸ்ல லிட்டர் கூட்டுறதோட உண்மையான லாபம் இதுதான்: பவரை உண்டாக்குறதை விட, உண்டான பவரைச் செக்கர்டு கொடி வரைக்கும் தாங்குறது. ஐரோப்பா டிரக் ரேஸ்ல 13 லிட்டர் இன்ஜின்ல ஆயிரத்து நூறு ஹெச்பி பக்கம் எடுக்குறாங்க. கணக்குப் போட்டா அதுவும் லிட்டருக்கு 85 கிட்ட வந்து நிக்குது. ரெண்டு ஊர்க்காரங்க தனித்தனியாக் கணக்குப் போட்டு ஒரே இடத்துல வந்து நின்னா, அந்த இடத்துல ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

இப்ப போரா, ஸ்ட்ரோக்கா? பிரைமாவோட 8.9 லிட்டர் இன்ஜினுக்கு 114 மி.மீ. போர், 144.5 ஸ்ட்ரோக். அதுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்கார், 8.3 லிட்டர். அவருக்கும் போர் 114-தான், ஸ்ட்ரோக் 135. அதாவது போரைத் தொடாம கிராங்க்கை மாத்தி ஸ்ட்ரோக்கை நீட்டி 8.9 ஆக்கியிருக்காங்க. ஆனா 12 லிட்டருக்குப் போகணும்னப்ப ஸ்ட்ரோக் 144-லயே நின்னுருச்சு, போர் 132 ஆயிருச்சு. அது வேற இன்ஜின். வேற பிளாக், வேற கிராங்க், எல்லாமே வேற.

ஏன் அப்படி? ஸ்ட்ரோக்கை இழுத்துக்கிட்டே போக முடியாது. 144 மி.மீ. ஸ்ட்ரோக்ல 2500 ஆர்பிஎம் சுத்தினா பிஸ்டன் செகண்டுக்கு சராசரியா 12 மீட்டர் ஓடுது. பெரிய சொம்பு சைஸ் இரும்பு, செகண்டுக்கு எண்பதுக்கும் மேல நின்னு நின்னு திரும்புது. ஸ்ட்ரோக் கூடக் கூட அந்த வேகமும் ராடு மேல வர்ற இழுவையும் கூடும். போரையும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, ஏன்னா ஒரு சிலிண்டருக்கும் அடுத்த சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற தூரம் பிளாக்கை வார்க்கும்போதே முடிவாயிடுது. அந்த இடத்துக்குள்ளதான் சுவரும் இருக்கணும், தண்ணி ஓடுற வழியும் இருக்கணும். வீட்டுல ரெண்டு ரூமையும் பெருசாக்கணும்னா நடுச்சுவர்தானே மெலியும்?

இதை மனசுல வச்சுக்கிட்டு தம்பியோட 107 பிஸ்டனுக்கு வருவோம். பட்டறையில சொன்னது ஆகாசத்துலருந்து வந்த நம்பர் இல்ல. கம்மின்ஸே 5.9-ஐ 6.7 ஆக்கியிருக்காங்க. 6.7-க்கு 107 மி.மீ. போர், 124 ஸ்ட்ரோக். முதல் விஷயம், 102-ஐ 107 ஆக்கி ஸ்ட்ரோக் 120-லயே இருந்தா அது 6.7 ஆகாது, 6.5 பக்கத்துலதான் நிக்கும். சரி, அது சின்ன விஷயம். பெரிய விஷயம், கம்பெனிக்காரன் 6.7-க்கு பிளாக்கையே மாத்தி வார்த்தான். சிலிண்டர்கள் நடுவுல தண்ணி வழி இல்லாம சுவரோட சுவரா ஒட்டி வார்த்திருக்கான். பழைய 5.9 பிளாக்ல அந்தக் கனம் கிடையாது. அதுல தனி லைனரும் கிடையாது, பிளாக்குதான் சிலிண்டர். அஞ்சு மி.மீ. கடைஞ்சா சுத்திலும் ரெண்டரை மி.மீ. சுவர் போயிடும். வார்ப்புல உள்ளச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தா ஒரு பக்கம் சுவர் கனமா, ஒரு பக்கம் மெலிசா இருக்கும். வெளியிலிருந்து பாத்தா தெரியாது. அல்ட்ராசோனிக் கேஜ் வச்சு அளக்காம எந்த ரேஸ் இன்ஜின்காரனும் கை வைக்க மாட்டான்.

அந்தச் சுவர் என்ன தாங்குது தெரியுமா? எரியுற நேரத்துல சிலிண்டருக்குள்ள 150 பார் அழுத்தம்னு வச்சுக்கங்க. 102 மி.மீ. பிஸ்டன் மேல விழுற எடை பன்னெண்டு டன்னுக்கு மேல. 107 ஆக்கினா பதினாலு டன் பக்கம் போகுது. ஹெட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள் மட்டும் அதேதான்.

இன்னொரு கதையும் அந்த 5.9-க்குள்ளயே இருக்கு. இதே குடும்பத்து இன்ஜினை அமெரிக்காவுல டாட்ஜ் பிக்கப்புல போட்டாங்க. 1989-ல 160 ஹெச்பி. தொண்ணூறுகள் நடுவுல 215. 2004 வாக்கில் 325. போர் 102, ஸ்ட்ரோக் 120, ஒரு மி.மீ. கூட மாறல. பதினஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு பவர், லிட்டர் அப்படியே. பம்ப், நாசில், டர்போ, இன்டர்கூலர், கடைசியில காமன் ரயில். அப்புறம் 2007-ல 6.7 வந்துச்சு. லிட்டர் 14 சதவீதம் கூடுச்சு, பவர் 325-லிருந்து 350. எட்டு சதவீதம்! அப்ப எதுக்குப் பெருசாக்கினாங்க? அந்த வருஷம் அங்க புகை விதி இறுகுச்சு. எரிஞ்ச வாயுவுல ஒரு பங்கை திரும்ப சிலிண்டருக்குள்ளயே விட வேண்டியிருந்துச்சு. அது காத்தோட இடத்தை அடைச்சுக்கும். அதுக்காகத்தான் பாத்திரம் பெருசாச்சு.

யூடியூப்ல நீங்க பாக்குறது வேற உலகம். அமெரிக்காவுல ஸ்லெட் புல்லிங்னு ஒரு போட்டி. பின்னாடி ஒரு சறுக்கு வண்டியைக் கட்டி இழுக்கணும். வண்டி போகப் போக அதுல இருக்கிற எடைப்பெட்டி முன்னாடி நகர்ந்து நகர்ந்து மண்ணுல அழுத்தும். முன்னூறு அடி இழுத்துட்டா முழு மார்க். அதுல இதே கம்மின்ஸ் குடும்ப இன்ஜின்ல 2000 ஹெச்பிக்கு மேல எடுக்குறாங்க. ஆனா ஓடுறது எவ்வளவு நேரம்? பத்து, பதினஞ்சு செகண்ட். சுவர் விரியாம இருக்கணும்னு தண்ணி ஓடுற வழியிலயே சிமென்ட் மாதிரி ஒரு கலவையை ஊத்தி அடைச்சுடுறாங்க. அந்த வண்டியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வரைக்கும் ஓட்டிட்டுப் போக முடியாது. வழியிலயே இன்ஜின் வெந்துரும். அங்க பெரும்பாலும் வகுப்புவாரியா லிட்டருக்கு உச்சவரம்பும் இருக்கும். லிட்டரைக் கூட்ட விட்டா காசு இருக்கிறவன்தான் ஜெயிப்பான்னு அவங்களுக்குத் தெரியும்.

சரி, தம்பி என்ன செய்யணும்? பிளாக்கை அளந்து பாக்கச் சொல்லுங்க. தேஞ்சிருந்தா 0.50 போதும், அதுவும் கம்ப்ரஷனுக்காக. நாசிலையும் பம்பையும் டெஸ்ட் பெஞ்சுல ஏத்துங்க. டர்போ ஷாஃப்ட் ஆடுதான்னு பாருங்க. இதுலயே தொலைஞ்ச பவர் திரும்பிடும். நிஜமாவே லிட்டர் வேணும்னா, கம்பெனியே பெருசா வார்த்த இன்ஜினைத் தேடுங்க, சின்னதைக் கடையாதீங்க.

அப்புறம், ரோட்டு வண்டியா ரேஸ் வண்டியான்னு முதல்ல முடிவெடுக்கணும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சி புக்குல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்த முடியாது. இன்ஜின் மாத்துறதுன்னாலும் ஆர்டிஓ வழியாத்தான் போகணும். பொது ரோட்டுல போட்டி ஓட்டுறது 189-வது பிரிவுல குத்தம். நாலுவழிச் சாலை நடுராத்திரி காலியாத்தான் இருக்கும், தெரியும். ஆனா அது டிராக் இல்ல. கோயம்புத்தூர்ல கரி ஸ்பீட்வே இருக்கு, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. அங்க லாரியை விடுவாங்களான்னு கேக்குறதுக்கு முன்னாடி, அங்க போய் ஒரு ரேஸை உக்காந்து பாருங்க. பஞ்சாப்ல டிராக்டர் சாகசம் பெரிய மோகமா இருந்துச்சு. 2023 அக்டோபர்ல ஒரு இளைஞர் தன் டிராக்டருக்கு அடியிலயே சிக்கி இறந்த பிறகுதான் அரசாங்கம் தடை போட்டுச்சு.

எல்லாரும் இன்ஜினைப் பத்தியே கேக்குறீங்க, பிரேக்கைப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல. அஞ்சரை டன் ரேஸ் லாரி 160 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வச்சுக்குவோம். ஐரோப்பா ரேஸ்ல அதுதான் உச்ச வேகம், அதுக்கு மேல போனா தண்டனை. அந்த வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினா பிரேக்ல உண்டாகிற சூடு, ரெண்டு லிட்டர் பச்சைத் தண்ணியை மொத்தமா ஆவியாக்கப் போதும். ஒரு தடவைக்கு. ஒரு ரேஸ்ல எத்தனை வளைவு? அதனால அந்த லாரிகள்ல 200 லிட்டர் வரைக்கும் தண்ணி டேங்க் இருக்கும், பிரேக் மேல பீச்சியடிக்க மட்டும். டிவியில டயர் பக்கம் வெள்ளையா ஆவி கிளம்புறதைப் பாத்திருப்பீங்க. கொடைக்கானல் மலையில இறங்குறப்ப பிரேக் டிரம் வாடை மூக்குல ஏறியிருந்தா, இது என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

லிட்டர் பேராசையோட உச்சம் எங்க நடந்துச்சுன்னா, டாக்கார் ராலியில. எண்பதுகள்ல நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ஒரு யோசனை பண்ணுச்சு. அவங்ககிட்ட 11.6 லிட்டர் டீசல் இன்ஜின் இருந்துச்சு. அதோட பூர்வீகம் பிரிட்டிஷ் லேலண்ட் 680, நம்ம எண்ணூர் அசோக் லேலண்டுக்கு ஒரு வகையில பங்காளி. லேலண்ட்காரங்க அதை 600-லிருந்து போர், ஸ்ட்ரோக் ரெண்டையும் கூட்டி 680 ஆக்கியிருந்தாங்க. டாஃப் அதை இன்னும் கொஞ்சம் கூட்டுச்சு. அதுக்கு மேல கூட்ட இடம் இல்லேன்னதும் என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரே லாரியில ரெண்டு இன்ஜின் வச்சாங்க. 23 லிட்டருக்கு மேல, 1200 ஹெச்பி. பேரு டர்போட்வின். யான் டி ரூய் ஓட்டி 1987-ல லாரிப் பிரிவுல ஜெயிச்சார். அடுத்த வருஷம் பாலைவனத்துல பெஜோ ரேஸ் கார் பக்கத்துலயே 200 கிலோமீட்டருக்கு மேல பறந்த வீடியோ இன்னைக்கும் சுத்துது. கார்க்காரங்களே மிரண்டுட்டாங்க.

அதே 1988 ராலியில அதே அணியோட இன்னொரு டர்போட்வின் உருண்டு, வான் லோவசைன் என்ற நேவிகேட்டர் இறந்துட்டார். டாஃப் போட்டியிலிருந்து விலகிருச்சு. 1989 டாக்கார்ல லாரிப் பிரிவே நடக்கல. லாரிகள் பிறகு திரும்பி வந்துச்சு, ஆனா கடிவாளத்தோட. 16 லிட்டர் வி8 வச்சு ஜெயிச்சுக்கிட்டு இருந்த ரஷ்யாவோட காமாஸ் கூட, விதி மாறினதும் 13 லிட்டர் ஆறு சிலிண்டருக்கு இறங்க வேண்டியதாயிருச்சு. ஐரோப்பா சர்க்யூட் ரேஸ்லயும் உச்சவரம்பு 13 லிட்டர்தான். புகை தள்ளினா அங்க தண்டனையும் உண்டு.

அவ்வளவுதான் இந்த வாரம். டீசல் பம்ப் செட்டிங்கை ஏத்துறது பத்தி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, அடுத்த எபிசோடு அதுதான். வேடசந்தூர் தம்பி, சுவர் கனத்தை அளந்து ஆறு சிலிண்டருக்கும் நம்பர் அனுப்புங்க, அடுத்த வாரம் அதையும் பாப்போம். மத்தவங்களும் கேள்வியை வாய்ஸ் மெசேஜாவே அனுப்புங்க, டைப் பண்ண வேணாம். வணக்கம்.